கண்ணாடி வீட்டுக்காரர்

கேள்வி: டயட்டம் என்னும் நுண்பாசியின் ஓடு தண்ணீரில் கலந்த ஈயத்தைப் பிடிக்குமாமே! கண்ணுக்கே தெரியாத பாசிக்கு அவ்வளவு கெட்டிப்பிடியா?

பதில்: கெட்டிப்பிடிதான்! ஆனால் பாசிக்கு அல்ல, அது விட்டுச்செல்லும் கண்ணாடி வீட்டுக்கு. டயட்டம் நீரிலுள்ள சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்கிறது. வீடெங்கும் ஜன்னல், இடியாப்ப அச்சு தோற்றுவிடும்! இறந்தபின் ஓடுகள் அடியில் படிந்து வெள்ளை மண்ணாகின்றன. 1867இல் ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினை ஊறவைத்து டைனமைட் செய்தது இந்த மண்ணில்தான். வெடிமருந்தையே அடக்கிய ஓட்டுக்கு ஈயம் எம்மாத்திரம்?

ஓட்டின் மேற்பரப்பிலுள்ள சிலனால் தொகுதிகள் நீரில் எதிர்மின்னூட்டம் பெறும். ஈயம், செம்பு, காட்மியம் அயனிகள் நேர்மின்னூட்டம் கொண்டவை, வந்து ஒட்டிக்கொள்கின்றன. வெறும் ஓடு கொஞ்சம்தான் பிடிக்கும். மாங்கனீசு ஆக்சைடு பூசினால் ஈயத்தை இன்னும் நிறைய வாங்கும். பாதரசத்துக்குக் கந்தகம் கொண்ட தயோல் பூச்சு. குரோமேட்தான் முரண்டு பிடிக்கும்: அதுவும் எதிர்மின், ஓடும் எதிர்மின். அதைச் சமாதானப்படுத்த, நேர்மின்னூட்டம் பெறும் அமீன் பூச்சு வேண்டும்.

நீர்த்த அமிலத்தில் கழுவினால் ஒட்டிய ஈயம் கழன்றுவிடும். ஓடு மறுபடி வேலைக்கு வரும். அந்தக் கழுநீரை மட்டும் சாக்கடையில் ஊற்றிவிடக் கூடாது. பிடித்த ஈயம் அத்தனையும் அதில்தான் இருக்கிறது!