விரல அடக்குடா பேராண்டி

மூணு மாசம்டா. சென்னையில ரூம் எடுத்து, ராவும் பகலுமா வீடியோ பாத்து, ரெண்டு நோட்டு நெறைய எழுதிகினு வந்து, "தாத்தா, நாடகத்துக்கு சவுண்டு போடற புது சாஃப்ட்வேரு கத்துக்கிட்டன்"னு திண்ணையில ஒக்காந்த. சரி, எத அமுக்குவன்னு கேட்டன். ஸ்பேஸ் பாருன்ன. அவ்ளோதானான்னன். அவ்ளோதான்ன. ஒன் தங்கச்சி ஒண்ணாங் கிளாசுலயே அத அமுக்கிட்டாளேடா!

கோச்சிக்காத, காப்பியக் குடி. நானும் இந்தத் திருக்கோவிலூரச் சுத்தி நாப்பது வருஷம் மைக் செட்டு போட்டவன்தான். தென்ன மரத்துல ஏறி அகுஜா கொழாயக் கட்டிட்டுக் கீழ எறங்கறதுக்குள்ள கல்யாண ஊட்டுக்காரன் பாட்ட மாத்தச் சொல்லுவான். அந்தக் காலத்து 78 ஸ்பீடு தட்டு ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சந்தான் ஓடும். பக்கத்துக்கு ஒரு ஊசி. தட்டத் திருப்பு, ஊசிய மாத்து, பொட்டிக்குச் சாவி குடு, இதுக்கு நடுவுல பீடி வேற. நீ என்னான்னா நூத்தம்பது சத்தத்த வரிசையா அடுக்கிட்டு, சாஞ்சி ஒக்காந்துகினு, ஒத்த வெரலால நாடகத்தையே நடத்தறன்ற. நடத்துப்பா, யார் வேணான்னா?

அந்த சாஃப்ட்வேரு, கியூலேப்ப யாரு பண்ணதுன்னு நீதான் சொன்ன. அமெரிக்காவுல பால்டிமோர்னு ஒரு ஊரு, அதுல ஃபிகர் 53ன்னு ஒரு கம்பெனி. 2006ல மொத மொத வெளிய உட்டுருக்கான். ஆப்பிள் மேக்குல மட்டுந்தான் ஓடும். ரெண்டு ஸ்பீக்கருக்குப் போற அளவுக்குச் சும்மா தர்றான், அதுக்கு மேல வேணும்னா காசு, நாள் வாடகைக்கும் உண்டு. நாள் வாடகைன்னதுந்தான் எனக்கு அந்தாளு மேல மரியாதயே வந்துது. நம்ம தொழில் தெரிஞ்சவன்டா அவன். மேக்கு வாங்க முடியாதவங்களுக்கு லினக்ஸ் ஷோ பிளேயர்னு ஒண்ணு இருக்குது, பழைய லேப்டாப்புலயே ஓடும், மொத்தமும் ஓசின்னியே, அத ஏன்டா மொதல்லயே சொல்லல? ஒங்கப்பன் ரெண்டு எருமய வித்து மேக்கு வாங்கிக் குடுத்தப்பறமா சொல்றது?

அதுல எனக்குப் புடிச்சது அந்தச் சின்னக் கட்டந்தான். ப்ரீ வெயிட்டுன்னு காமிச்ச பாரு. ரெண்டுன்னு போட்டா, நீ அமுக்கி ரெண்டு செகண்டு கழிச்சித்தான் சத்தம் வரும். காத்திருக்கறதுக்குன்னே ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்கான். அமுக்கறவனுக்குப் பொறும கெடையாதுன்னு பால்டிமோர்காரனுக்கே தெரிஞ்சிருக்குது. அப்பறம் ஆட்டோ கன்டினியூ, ஆட்டோ ஃபாலோன்னு ரெண்ட வெச்சிகினு ஒரு வாரமாக் கொழம்பன. இதுல என்னாடா கொழப்பம்? பந்தியில அண்ணன் ஒக்காரச்சொல்லவே தம்பியும் பக்கத்து எலையில ஒக்காந்தா அது கன்டினியூ. அண்ணன் கை கழுவனப்பறம் அதே எடத்துல தம்பி ஒக்காந்தா அது ஃபாலோ. நீ எல்லாத்தையும் கன்டினியூல போட்டு, ஒத்திகையில மழ, இடி, நாய், குதிர நாலும் ஒரே நேரத்துல கெளம்புனது. நாய் எதப் பாத்துக் கொலைக்குதுன்னு நாய்க்கே தெரிஞ்சிருக்காது.

நம்ம ஊருல இடைகழிக் கதை இருக்குதே, மறந்துட்டியா? மழைக்கு ஒதுங்கன மொதலாழ்வாரு மூணு பேரும் நின்ன கதை. ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் ஒக்காரலாம், மூணு பேர் நிக்கலாம். நாலாவதா ஒருத்தர் வந்து நெருக்கனாரு. அவரு உலகளந்த பெருமாளு, நெருக்கலாம். ஒன் நாயும் குதிரையும் பெருமாளாடா? ஸ்பீக்கருன்றதும் ஒரு இடைகழிதான். அதுலயே நடிகன் பேசறதும் வரணும்.

சரி, நாடகத்துக்கு வரன். கபிலரு. பாரி செத்தப்பறம் அவன் பொண்ணுங்கள மலையமான் ஊருக்குக் கூட்டியாந்து சேத்துட்டு, பெண்ணையாத்தாங்கரையில உயிர உட்ட கதை. அந்தப் பாறை கீழையூர்ல இன்னும் நிக்குது. வடக்கிருந்து பட்டினி கெடந்தாருன்னு படிச்சவங்க சொல்வாங்க. வீரட்டேஸ்வரர் கோயில்ல ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு, தீயில பூந்தாருன்னு சொல்லுது. ஒங்க டைரக்டரு கல்வெட்டுப் பக்கம் சாஞ்சிட்டாரு. ஒன் நல்ல நேரம். பட்டினின்னு வெச்சிருந்தா கடைசிக் காட்சியில ஒனக்கு வேலையே இருந்திருக்காது.

தீச் சத்தம்னு ஒண்ணு போட்டுக் காமிச்சியே, இன்டர்நெட்லேருந்து எறக்கனது. டொப்பு... டொப்புன்னு சாவகாசமா வெடிக்குது. அது எவனோ குளுரு தேசத்துக்காரன் ஊட்டுக்குள்ள நாற்காலி போட்டுக் குளுரு காயற சத்தம்டா. தடிக் கட்ட, நின்னு நிதானமா எரியும். பக்கத்துல பூனகூடப் படுத்திருக்கும். நம்ம ஆத்தாங்கரையில தீ மூட்டனா எதுல மூட்டுவான்? பனயோல, சுள்ளி, முள்ளு. பனயோல எரியறதக் கிட்டக்க நின்னு கேட்டிருக்கியா? மொதல்ல ஒண்ணுமே இல்லாத மாரி கெடக்கும். உள்ளுக்குள்ள எலி ஓடற மாரி ஒரு சரசரப்பு. அப்பறம் புஸ்ஸுன்னு மூச்சு வாங்கும், சடசடசடன்னு ஒரு பாய்ச்சல், நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள அடங்கிப்பூடும். அடங்கனப்பறம் ஒரு 'ணிக்' மட்டும் தனியா வரும். போன செவ்வாக்கெழம நான் கொல்லையில ஓலயக் கொளுத்திட்டு செல்போன நீட்டிகினு நின்னன். கெழவனுக்குப் புத்தி கலங்கிப்பூடுச்சின்னு ஒங்காயா வெளக்கமாறோட வந்தா. அது தனிக் கதை, உடு.

ஆத்துச் சத்தம் இன்னும் மோசம். சலசலன்னு ஓடுது, நடுவுல ஒரு குருவி. நம்ம பெண்ணையாறு என்னிக்குடா சலசலன்னுச்சி? பாதி வருஷம் மணலு. வந்தா எப்பிடி வரும்னு 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயலு காமிச்சதில்ல? சாத்தனூர் அணையிலேருந்து செகண்டுக்கு ஒண்ணரை லட்சம் கன அடிக்கு மேல தெறந்து உட்டாங்க. நான் ராத்திரி முழிச்சிகினு கெடந்தன். அது காதுல வரலடா, வயித்துல வந்துது. பொதி லாரி தூரத்துல ஏத்தம் ஏற முடியாம நிக்கற மாரி ஒரே உறுமலு. அத ஒன் லேப்டாப்பு ஸ்பீக்கர்ல போட்டா ஒண்ணுமே கேக்காது, பேஸ் பொட்டி வேணும். குருவியத் தூக்கு மொதல்ல.

மழன்னு ஒரு ஃபைலு வெச்சிருந்தியே, அத முழுசாக் கேட்டியா? நான் கேட்டன். நாலு நிமிஷம் நல்ல மழ. அஞ்சாவது நிமிஷம் ஒரு பொம்பள வந்து, புடிச்சிருந்தா சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்றா. மெய்ப்பொருள் நாயனாரு ஆண்ட ஊருலயா இந்தக் கூத்து? முத்தநாதன் நீறு பூசி, ஓலச்சுவடிக்குள்ள கத்திய மறைச்சிகினு வந்தான். ஒன் முத்தநாதன் மழ கோட்டு போட்டுகினு வந்திருக்கான். ஒவ்வொரு ஃபைலையும் கடைசி வரைக்கும் கேட்டுட்டு உள்ள உடு. எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வெய்யி. பாதி பென்டிரைவுல, பாதி டெஸ்க்டாப்புலன்னு செதறிக் கெடந்தா, வேற கம்ப்யூட்டருக்கு மாத்தற அன்னிக்கு வரிசையெல்லாம் இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. எம்பி3ல லூப்பு போடாத, சேர்ற எடத்துல ஒரு விக்கலு வரும், வேவ்ல வெய்யி. செல்போனு, மேக்கு ரெண்டுலயும் நோட்டிஃபிகேஷன அணை. கபிலரு உயிர உடச்சொல்ல எவனாவது ஒனக்கு ஹாய் அனுப்பனா அது ஊருக்கே கேக்கும்.

தப்பு வராதான்னா வரும். எனக்கு வராததா? பொங்கலுக்குப் பசங்க சேந்து சமூக நாடகம் போட்டானுங்க. கதாநாயகனோட அப்பன் நெஞ்சப் புடிச்சிகினு சாயறான். நான் சோக ஷெனாய் வெக்கணும். எடுத்து வெச்ச தட்டுதான், பக்கம் மாறிப்பூடுச்சி. அவன் "அப்பா"ன்னு கதற, கொழாய்ல கெட்டிமேளம். ஊசியத் தூக்கறதுக்குள்ள ஊரே சிரிச்சிட்டுது. அப்ப கோமாளி வேஷக்காரன் ஒருத்தன் பொணத்துக்கிட்டக் குனிஞ்சி, "அய்யாவுக்கு மேல லோகத்துல பொண்ணு பாத்துட்டாங்க போலிருக்குது, மேளம் வந்துடுச்சி"ன்னான். கதாநாயகன் அழுதுகினே சிரிச்சான், சனம் சிரிச்சிகினே அழுதுது. அன்னிக்கு ராத்திரி எனக்கு வெத்தல பாக்கோட பத்து ரூவா தனியாக் குடுத்தாங்க. ஒன் கோமாளி எங்கடா இருக்கான்? கியூலேப்புல அந்த வரிசையில எங்கயாவது போட்டிருக்கியா?

எனக்குக் கோவம் வந்தது எதுலன்னா, ஒத்திகையில நீ திரையவே பாத்துகினு இருந்த. மேடைத் திரைய சொல்லல, மேக்குத் திரைய. அடுத்தது பதினாலு, தயாரா நிக்குது, வெரலு துடிக்குது. அங்க நடிகன் ஒரு மூச்சு உட்டு நிறுத்தறான். முடிஞ்சிட்டான்னு நெனச்சி அமுக்கிட்ட. அவன் இன்னும் அரை வாக்கியம் பாக்கி வெச்சிருந்தான், அத இடி முழுங்கிட்டுது. அவசரத்துல அண்டாக்குள்ளயே கை போவாதுன்றது, ஒனக்கு ஸ்பேஸ் பார்ல மட்டும் நல்லாப் போவுது.

தெருக்கூத்துல மத்தளக்காரன் எங்க பாப்பான்? கூத்தாடி காலப் பாப்பான். கால் தரைய ஒதைக்கற எடத்துல அடி உழும், அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. கட்டியங்காரன் நாலு வார்த்த கூடப் பேசனா மத்தளம் மடியில கெடக்கும். கர்ணன் அதே அடிய மூணாந்தரம் திருப்பனா பெட்டியும் முகவீணையும் மூணாந்தரம் திரும்பும். விடிய விடிய ஒருத்தனும் நம்பர் எழுதி வெச்சிகல. இத ஒன் டைரக்டருகிட்ட சொல்லாத, மத்தளக்காரனுக்கும் லேப்டாப்பு வாங்கச் சொல்லுவாரு.

ஆத்தாங்கரையில தெறந்த வெளியில போடறீங்க. பின்னால நிக்கறவங்களுக்குன்னு தனி ஸ்பீக்கரு வெச்சா ஒரு கணக்கு இருக்குது. சத்தம் செகண்டுக்குச் சுமாரா முன்னூத்தி நாப்பது மீட்டர்தான் போவும். முப்பத்தி நாலு மீட்டர் பின்னால வெச்ச பொட்டிக்குப் பத்துல ஒரு பங்கு செகண்டு தாமதம் குடு, இல்லன்னா கபிலரு ரெண்டு தரம் செத்த மாரி கேக்கும். கரண்டு போனா மேக்கு பேட்டரியில ஓடிகினே இருக்கும், சத்தம் மட்டும் போயிருக்கும். பேந்தப் பேந்த முழிக்காம மிக்சர்ல எல்லாத்தையும் கீழ எறக்கு, கரண்டு திரும்ப வரச்சொல்ல நடு ஆத்துல நீ எங்க நிப்பன்னு ஒனக்கே தெரியாது. ஆம்ப்ளிஃபயரக் கடைசியா போடு, மொதல்ல நிறுத்து. ராத்திரி 10லேருந்து காலைல 6 வரைக்கும் கொழாய் கூடாதுன்னு 2000ல விதி போட்டிருக்காங்க, திருவிழான்னா பன்னண்டு வரைக்கும் அரசாங்கம் வுடலாம், ஒங்களுக்கு எவன் உடுவான்? பத்துக்குள்ள கபிலரு தீயில பூந்தாவணும். எஸ்கேப்ப ஒரு தரம் அமுக்கனா எல்லாம் மெதுவா அடங்கும், ரெண்டு தரம் அமுக்கனா டக்குன்னு நிக்கும்னு சொன்னியே, போலீஸ்காரருக்கு அந்த ரெண்டாவது மட்டுந்தான் தெரியும்.

போய்ப் படு. காலைல பஸ்ஸு இருக்குது. ஆங், ஒண்ணு. நேத்து நீ தூங்கச்சொல்ல ஒன் மேக்கத் தொறந்தன். கத்தாத, ஒண்ணும் கெடுத்துடல. நடுவுல நுழைக்கறதுக்குப் புள்ளி வெச்சி நம்பர் குடுக்கலாம்னு நீதான சொன்ன? ஒன் தங்கச்சிதான் செல்போன்லேருந்து ஏத்திக் குடுத்தா. 23க்கும் 24க்கும் நடுவுல 23.5ன்னு ஒண்ணு கெடக்கும். ஒன் குளுரு தேசத்துத் தீ பக்கத்துலயே இருக்குது, அத நான் அழிக்கல, மரியாதக்கு உட்டு வெச்சிருக்கன். கபிலரு வேஷக்காரன் பாறை மேல ஏறி வடக்க திரும்பி நிப்பான் பாரு, ஒடனே அமுக்காத. அவன் துண்ட எடுத்துக் கீழ போடுவான். அதுவரைக்கும் கைய மடியில வெச்சிக்க.