தங்கவயலிலிருந்து பறப்புத் தூரம்: முறையானதோர் ஆய்வு

வடகோடியில் பனிக்குள் புதைந்து கிடக்கும் ஊர்களுக்குக்கூட, ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று கணக்கு இருக்கிறது. கோலார் தங்கவயலுக்கு இந்த மரியாதையை யாரும் செய்ததாகத் தெரியவில்லை. பயணிகள் விமானம் இறங்க அங்கே இடமில்லை என்பார்கள். அற்பக் காரணங்கள் ஆய்வைத் தடுக்கலாகாது.

தங்கவயலும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருப்பதால், காக்கைக்கு வேலை சுலபம். மேற்கே பார்த்துப் பறந்தால் சுமார் 75 கிலோமீட்டர். தங்கவயலின் மாரிகுப்பம் நிலையத்தில் ரயிலேறும் மனிதருக்கோ 86. கூடுதல் தூரம் பதினொன்றுதான். ஆனால் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிறது. மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டை வரையிலானது 1894-ல் தங்கத்துக்காகப் போட்ட கிளைப்பாதை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபின், விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் ஜனங்களே இதன் முக்கியச் சரக்கு. ரயில் நிற்குமுன் ஜன்னல் வழியாக ஒரு கைக்குட்டை பறந்துபோய் சீட்டில் விழும். தங்கவயலில் நேரம் தவறாமல் நடக்கும் ஒரே வான்வழிப் பயணம் அதுதான்.

மெய்யான விமானத்தில் சென்னைக்குப் போக விரும்புகிறவர் நிலை இன்னும் நுட்பமானது. பழைய எச்.ஏ.எல். விமான நிலையமாவது பெங்களூரின் கிழக்கே, நம் பக்கமாக இருந்தது. 2008-ல் அதையும் தேவனஹள்ளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே கிழக்கே இருக்கும் சென்னைக்காக முதலில் மேற்கே போய், அப்புறம் வடக்கே திரும்பி, விமானத்தில் அமர்ந்து கிழக்கே வரவேண்டும். தேவனஹள்ளிக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவே வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், சுமார் 270 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோடு கோலார் நகரத்தை உரசிக்கொண்டு போகிறது. நாலு மணி நேரம் செலவழித்து, கிளம்பிய ஜில்லாவையே மேலிருந்து பார்க்கலாம். ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு.

உண்மையான வேகம் தங்கவயலுக்குக் கிடைத்தது பூமிக்கு அடியில். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அதில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு கருவிகளை வைத்துக் காத்திருந்து, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தை 1965-ல் பிடித்தார்கள். பூமியின் குறுக்களவு 12,700 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதைத் துளைத்துக்கொண்டு வர நியூட்ரினோவுக்கு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட வேண்டாம். சீசன் டிக்கெட் கிடையாது, சிக்னல் கிடையாது. பங்காருபேட்டையில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ஓரங்கட்டி நிற்கும் வழக்கமும் கிடையாது.

அப்படி நிற்கும் நேரத்தைத் தூரத்தில் சேர்ப்பதா, ஓய்வில் சேர்ப்பதா என்பதுதான் ஆய்வில் மிஞ்சிய சிக்கல். கள ஆய்வின்போது, பெட்டியில் சீட்டாடிக்கொண்டிருந்த பெரியவரிடம் இதை விளக்கமாகவே முன்வைத்தோம். தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்: “இன்னா சார், நல்ல கை வந்துகீற நேரத்துல!”