பாட்டியின் கைவேலையைப் பக்குவமாக மறக்கடிப்பது எப்படி?

மினியாபொலிஸில் குடியேறிய சோமாலியப் பெற்றோரே, ஊர்க் கலைகள் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயமா? ஆகவேண்டியதைச் சொல்கிறேன்.

முதல் வேலையாக, பாட்டியின் கையில் டிவி ரிமோட்டைக் கொடுத்துவிடுங்கள். வளைத்த கழிகளும் பின்னிய பாய்களுமாக வீட்டையே கட்டி, பிரித்து, ஒட்டகத்தில் ஏற்றிக் கொண்டுபோன பெண்களின் வாரிசு அவர். கை சும்மா இருந்தால் எதையாவது முடைய ஆரம்பித்துவிடுவார். பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் காரியம் கெட்டது. ஊர் நார் இங்கே கிடைக்காது என்று அசட்டையாக இருக்காதீர்கள். கம்பளி நூலையும் ஒளித்து வையுங்கள்.

மிக ஆபத்தானது ஹேடோ. வட சோமாலியாவிலும் ஜிபூட்டியிலும் பெண்வீட்டார் செய்யும் கல்யாணச் சீர் இது. நெய்யில் பொரித்த இறைச்சித் துணுக்குகளைப் பாத்திரத்தில் அடைத்து, பேரீச்சம்பழ விழுதால் மூடி, மணப்பெண்ணைப்போல் துணி உடுத்தி, கயிற்றால் சிக்கலாகக் கட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் கயிற்றை அறுக்காமல் அவிழ்க்க வேண்டும். திணறினால் கேலிதான். இதைக் கல்யாணத்தில் வைத்தால் அத்தனை இளவட்டமும் முடிச்சையே பார்க்கும், எவனாவது ஒருவன், "எப்படிக் கட்டினீங்க பாட்டி?" என்று கேட்டே தீருவான். கேக் வாங்கிவிடுங்கள். 2023-ல் யுனெஸ்கோ ஜிபூட்டியின் ஹேடோவை அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்ததே, இனி நாம் எதற்குக் கட்ட வேண்டும்?

டாந்தோ ஆட்டத்துக்கு ஜூலை 1, சோமாலியச் சுதந்திர தினம் போதும். உடை வாடகைக்கு, பாட்டு ஸ்பீக்கரில், பிள்ளைகள் மேடையில், பெரியவர்கள் போனில். புரான்புர் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. பெண்கள் கவி சொல்லி ஆடுவது அது. வரிகளைச் சொல்லிக் கொடுத்தால் மொழியும் கூடவே வந்துவிடும். பெண் ஆட வராவிட்டால் திட்டுங்கள், வந்தால் அவள் உச்சரிப்பைப் பார்த்துச் சிரியுங்கள். என் கணிப்பில் சிரிப்புதான் சீக்கிரம் பலிக்கும்.

உங்கள் ஊரில் 2013-ல் தொடங்கிய சோமாலி அருங்காட்சியகத்துப் பக்கம் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். பழம்பொருளைக் கண்ணாடிக்குள் பூட்டுவதோடு நிற்காமல், அங்கே இளையவர்களை வைத்து நடனக் குழுவும் நடத்துகிறார்கள். பொறுப்பில்லாதவர்கள்!

அடுத்த கல்யாணத்துக்குப் பாட்டி கயிறு கேட்டால், கடையில் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிடுங்கள்.