சொல்லிட்டுப் போடா, கோவலா!

ஏண்டா பேராண்டி, போனைக் கவுத்து வச்சுட்டா அந்தப் பொண்ணு கூப்புடுறது நின்னுடுமா? மதகுக் கட்டையில உக்காந்ததுலேருந்து பாக்குறேன், அது உர்ரு உர்ருங்குது, நீ வாய்க்கால்ல மீனு எண்ணிக்கிட்டு இருக்க. மனசு ஒட்டலன்னா ஒட்டலதான், அதுக்கு நான் ஒன்னை வைய மாட்டேன். ஆனா "ப்ளாக் பண்ணிட்டா தானாப் புரிஞ்சுக்கும் தாத்தா"ன்னியே, அதுலதான் எனக்கு உச்சி குளுந்து போச்சு. என்னா மூளை! இந்த வித்தை நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லடா. பூம்புகார்ல ஒன் முப்பாட்டன் ஒருத்தன் இருந்தான், கோவலன்னு பேரு. சிலப்பதிகாரத்தை மார்க்குக்குப் படிச்சிருப்ப, விவரத்துக்குப் படிச்சிருக்க மாட்ட.

1008 கழஞ்சுப் பொன் பெறுமான மாலையை வாங்கிக்கிட்டு மாதவி வூட்டுக்குள்ள நொழஞ்சவன் அவன். கட்டுனவ கண்ணகிகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மாதவிக்கு மணிமேகலை பொறந்தா. இந்திர விழா முடிஞ்சு கடலாடப் போனாங்க. இவன் யாழை வாங்கிப் பாடுனான், அதுல வேற பொண்ணு வாடை அடிச்சுது. அவளும் சளைக்காம, வேற ஆளை நெனச்ச மாதிரி ஒண்ணை எடுத்து வுட்டா. வந்துச்சே ஐயாவுக்கு ரோசம்! இவரு பாடுனா கலை, அவ பாடுனா துரோகம். எந்திரிச்சுப் போயிட்டாரு. அவ தனியா வண்டியேறி வூடு வந்து சேந்தா.

அன்னிக்குச் சாயங்காலமே தாழம்பூ மடல்ல எழுதி, தோழி வசந்தமாலைகிட்ட குடுத்தனுப்புறா. கூலக்கடைத் தெருவுல வச்சு அவ நீட்டுனா, வாங்க மாட்டேன்னுட்டான். மொத ப்ளாக்கு அதுதாண்டா. அப்புறம் விடியுறதுக்கு முன்ன கண்ணகியைக் கூட்டிக்கிட்டு மதுரைக்கு நடையைக் கட்டுனான். பெத்தவங்களுக்கும் தெரியாது. மூணு வாசல் தாண்டுனான், ஒரு வாசல்லயும் வாயைத் தொறக்கல. பாட்டுக்கு மட்டும் வாய் இருந்துச்சு.

மாதவி விடல. ரெண்டாவது ஓலையைக் கோசிகன்னு ஒரு அந்தணரு எடுத்துக்கிட்டுப் போயி வழியில புடிச்சுக் குடுக்குறாரு. அதுல வைஞ்சிருந்தாளா? இல்லடா. தான் என்னா தப்பு பண்ணுனோம்னு தெரியலயே, மன்னிக்கணும்னு எழுதியிருந்தா. எந்திரிச்சுப் போனவன் இவன், குத்தத்தைத் தன்கிட்ட தேடிக்கிட்டுக் கெடந்தவ அவ. நீ கவுத்து வச்சிருக்கியே, அதுக்குள்ளயும் இதுதான் இருக்கும். எடுத்துப் பாரு, பயமா இருக்கா?

கோவலனுக்கு அப்பத்தான் ஒறச்சுது, தப்பு தன்னுதுன்னு ஒத்துக்கிட்டான். ஒத்துக்கிட்டு அவளுக்குப் பதில் போட்டானா? அந்த ஓலையில இருந்த சேதி அப்பா அம்மாவுக்கும் பொருந்துதேன்னு அதையே அவுங்களுக்கு அனுப்பி வச்சுட்டான். பார்வர்டு பண்ணுறதுலயும் நம்ம ஊருக்காரன்தான் முந்தி, காலரைத் தூக்கி விட்டுக்க.

இந்த வாய்க்கால் தண்ணியையே எடுத்துக்க, மேட்டூர் அணையில ஜூன் 12 தொறந்தா ஜனவரி 28 மூடுறது வழக்கம். அந்தத் தேதியை வச்சுத்தான் தாளடிக்காரன் கணக்குப் போடுறான். நீ ராவோட ராவா ஷட்டரை எறக்கிட்டு, பயிரு தானாப் புரிஞ்சுக்கும்ங்குற.

நேர்ல போ. கூட்டாளியைத் தூது விடாத, கோவலன் பரம்பரைக்குத் தூதே ராசியில்ல. பகல்ல, மகாமகக் கொளத்துக் கரை மாதிரி நாலு பேரு நடமாடுற எடத்துல, அவ ஊருக்கு பஸ் இருக்குற நேரமாப் பாரு. "அப்பா மருந்தைக் குடிச்சுடுவேங்குறாரு"ன்னு அவன் தலையில கட்டாத. ஒங்கப்பன் சுக்குக் கசாயமே குடிக்க மாட்டான். "நான் ஒனக்குத் தகுதியில்ல"ங்குற சினிமா வசனமும் வேணாம், அது அவளுக்கே தெரிஞ்சிருக்கும். மனசு மாறிடுச்சு, தப்பு ஒன்னுது இல்லன்னு சொல்லு. அழுவா, வைவா, நின்னு கேளு. "இனிமே பிரண்ட்ஸா இருப்போம்"னு அங்கயே ஆரம்பிச்சு வைக்காத. அவ போட்டோவெல்லாம் அழி, டீக்கடையில அவளைப் பத்தி வாயைத் தொறக்காத.

கல்யாணம் பண்ணிக்கிற எண்ணமே இல்லாம வாக்குக் குடுத்து ஒரு பொண்ணைத் தொட்டா 10 வருசம் வரைக்கும் உள்ள போடலாம்னு, 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துல 69ஆம் பிரிவு சொல்லுது. மூஞ்சி ஏண்டா வெளுக்குது? நான் பொதுவாத்தான் சொன்னேன்.

சரி, எந்திரி, கும்பகோணம் பஸ் வர்ற நேரம். இரு இரு, இந்தச் சட்டையோடயா போற? பொறந்த நாளுக்கு அவ எடுத்துக் குடுத்ததுன்னு நீதானடா ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்ச! மாத்திட்டுப் போ. வண்டிக்கு டயர் மாத்த அவகிட்ட வாங்குன மூவாயிரத்தையும் எடுத்துக்க. என் மடியை ஏண்டா பாக்குற?