நவரோன் பீரங்கியும் மோர்மிளகாயும்

கிளாஸ்கோ

அன்புள்ள மாமாவுக்கு,

"அலிஸ்டர் மெக்லீன் பிறந்த ஊரிலேயே குடியிருக்கிறாய், அவர் வீட்டைப் போய்ப் பார்த்தாயா இல்லையா?" என்று போனில் அதட்டினீர்கள். அதற்குள் அத்தை ரிசீவரைப் பிடுங்கி "சாப்பிட்டியா" என்றாள். அதோடு உங்கள் கேள்வி காற்றில் போய்விட்டது.

அவர் பிறந்த பேட்டை ஷெட்டில்ஸ்டன், ஊருக்குக் கிழக்கே. பஸ்ஸில் போய் இறங்கிவிடலாம். எந்த வீடு என்று ஆபீஸ் பையனிடம் கேட்டேன். "மெக்லீனா? எந்த டீமுக்கு ஆடுகிறார்?" என்றான். மதுரையில் உங்கள் செட்டுக்கே மனப்பாடமான நாவலாசிரியரை அவர் பிறந்த ஊரில் கால்பந்துக்காரர் ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் உங்களுக்குத் தெரியாத சமாச்சாரம் ஒன்று பிடித்து வைத்திருக்கிறேன். பாதிரியார் மகன் அவர். வீட்டில் பேசியது கேலிக் மொழி, இங்கிலீஷ் பிறகு படித்ததுதான். உலக யுத்தம் முடிந்து பக்கத்து ரூதர்க்ளென்னில் பள்ளிக்கூட வாத்தியார். 1954-ல் ஒரு பத்திரிகைச் சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கினார், மறுவருஷமே முதல் நாவல். நம் ஊர் வாத்தியார்கள் சாயங்காலம் டியூஷன் எடுத்தார்கள், இவர் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'கன்ஸ் ஆஃப் நவரோன்' போட்டான். மெக்லீன் நாவலை வைத்து எடுத்த 1961 படம், உங்கள் கிரிகரி பெக். புத்தகத்தையும் இப்போது படித்திருப்பதால் ஒரு வம்பு சொல்கிறேன். கேரோஸ் தீவில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் புத்தகத்தில் 1,200 பேர், படத்தில் 2,000. மிச்ச 800 பேர் தயாரிப்பாளர் கணக்கு. லூக்கி, பனாயிஸ் என்று இரண்டு கிரேக்க ஆம்பிளைகள் புத்தகத்தில் வருவார்களே, படத்தில் அவர்களுக்குப் பதில் இரண்டு பெண்கள். சினிமாக்காரன் எந்த ஊரானாலும் சினிமாக்காரன்தான்.

இந்த இடத்தில் என் வீட்டுத் தீ அலாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு வீட்டிலும் இது கட்டாயம்: ஹாலில் ஒன்று, நடையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. மூன்றும் கூட்டுக் களவாணிகள். ஒன்று கத்தினால் மற்ற இரண்டும் கூடவே கத்தவேண்டும் என்பது சட்டம். பேட்டரியைக் கழற்றலாம் என்றால் உள்ளேயே வைத்து சீல் போட்டிருக்கிறான், பத்து வருஷத்துக்கு. அடுப்படிக்காரன் நல்லவன், சூடு ஏறினால்தான் வாயைத் திறப்பான், புகைக்கு அசையமாட்டான். ஒற்றன் ஹாலில் இருக்கிறவன். தோசைக்கல்லில் எண்ணெய் தடவினாலே தலைமையகத்துக்குத் தகவல் போய்விடும். கடுகு வெடித்தால் சிவப்பு விளக்கைச் சிமிட்டி எச்சரிக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். சாம்பிராணியை நான் விட்டே வெகு காலம் ஆகிறது. பிள்ளையாருக்கு ஊதுபத்தியைப் பற்றவைக்காமலே காட்டுகிறேன்.

படத்துக்கு வருகிறேன். டேவிட் நிவென், குண்டு ஏற்றும் லிஃப்டுக்கு அடியில் வெடியை ஒளித்துவைத்துவிட்டு நழுவிவிட்டார். லிஃப்ட் இறங்குகிறது. கம்பியைத் தொடுமுன் நின்று மேலே போகிறது. மறுபடி இறங்குகிறது. அடுப்பில் அம்மா அனுப்பிய மோர்மிளகாய். நவரோன் வெடிப்பதற்கு முன் என் வீடு வெடித்தது. மூன்று மூலையிலிருந்தும் அலறல். பழங்காலக் கல் கட்டடம், கூரை எட்டாது. கிரிகரி பெக் கயிற்றில் ஏறினார், நான் ஸ்டூலில் ஏறித் துடைப்பக் கட்டையால் பொத்தானைக் குத்தினேன்.

கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்துவிட்டாள். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவா என்று கேட்க வந்தவள், மிளகாய் நெடியில் இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தாள். "நவரோனா? நன்றாக இருக்கும். ஆனால் யுலிஸஸ்தான் புத்தகம்" என்றாள். மறுநாள் 'ஹெச்.எம்.எஸ். யுலிஸஸ்' என் கதவடியில் கிடந்தது.

மாமா, அந்த முதல் நாவலை நீங்கள் ஏன் எனக்குக் கொடுக்கவே இல்லை? ரஷ்யாவுக்குச் சரக்குக் கப்பல்களைக் காத்துக்கொண்டு போகிற போர்க்கப்பல். டெக்கில் உறைகிற பனிக்கட்டியை வெட்டி எறியாவிட்டால் அந்தப் பாரத்திலேயே கப்பல் கவிழ்ந்துவிடும். அவரே ராயலிஸ்ட் என்ற கப்பலில் அந்தக் கடலுக்குப் போய்வந்தவர், அதனால் ஒரு வரியும் டூப் இல்லை. இதைப் படமாக்காததற்குக் காரணமும் எனக்குப் புரிகிறது. வில்லன் குளிர். ஹீரோக்கள் எல்லோருக்கும் குரங்குக் குல்லாய். எந்த ஸ்டார் சம்மதிப்பான்?

ஆனாலும் அவருடைய 'வேர் ஈகிள்ஸ் டேர்' படத்தின் பக்கம் இன்னும் நான் சாய்ந்துதான் இருக்கிறேன். ஜெர்மன் யூனிபார்மில் புகுந்து ஜெர்மன்காரனிடமே இங்கிலீஷில் பேசுகிறார்கள், ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட் துப்பாக்கியில் தோட்டா தீர்வதே இல்லை. போகட்டும். அந்த ரோப் கார் சண்டைக்கு ரீகல் தியேட்டரில் நீங்கள் அடித்த விசில் என் காதில் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தப் பனிமலையை மதுரையில், மே மாதத்தில், வேர்த்துக் கொட்டும்போது பார்க்கவேண்டும். இங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. போர்வையைச் சுற்றிக்கொண்டு தனியாகப் பனியைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? பக்கத்தில் முறுக்குக் கடிக்க ஆளில்லை.

இன்னொன்று. மெக்லீனும் அந்தப் படத்து ரிச்சர்ட் பர்ட்டனும் சுவிட்சர்லாந்தில் செலின்யி என்ற ஊரின் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். உங்கள் செட்டில் சொல்லி அசத்துங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், மோர்மிளகாய் தீர்ந்துவிட்டது. அடுத்த பார்சலில் இரண்டு பங்காக அனுப்பட்டும், பாட்டியும் கேட்கிறாள். அலாரம் அடித்தால் அடிக்கட்டும்.

உங்கள் அன்பு மருமகன்