தவறினது யாரு?

லேப்டாப் ஸ்பீக்கர் அடியோடு ஊமையாகிப் போனால் அதில் ஒரு நிம்மதி உண்டு. கடையில் கொடுத்துவிட்டு வரலாம். வெளியே வைக்கிற ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலத்தை ஓட்டலாம். லினக்ஸில் வருகிற ஒலிக் கோளாறு அவ்வளவு யோக்கியமானது அல்ல. காலையில் பேசும், மத்தியானம் பேசாது. சரி, போய்விட்டது என்று தலைமுழுகிவிட்டுப் படுத்தால், ராத்திரி பதினொன்றரைக்கு எதையோ தொடப் போக, முட்டுவலித் தைல விளம்பரத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி பாடும்.

என் லேப்டாப் இதிலும் ஒரு படி மேலே. எதைப் போட்டாலும் முதல் ஒரு நொடியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் தரும். பாட்டில் முதல் தாளம் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. செய்தி வாசிப்பவரின் 'வணக்கம்' வெறும் 'க்கம்' என்று வந்தாலும் நாட்டு நடப்பு மாறிவிடாது. மெயில் வந்தால் அடிக்கிற 'டிங்' ஒரு நொடிக்கும் குறைந்த சத்தம் என்பதால் அது முழுசாகவே உள்ளே போய்விடும். எனக்கு யாருமே மெயில் போடுவதில்லை என்று கொஞ்ச காலம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் எல்லாம் கரண்ட் பில் நினைவூட்டல். அதனால் அந்த விழுங்கலை வரவிலேயே வைத்துக்கொண்டேன்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. என்ன நடந்தது என்பது நம் வாக்கியத்தில் கடைசியில்தான் வரும். தலையை வெட்டினாலும் விஷயம் வந்து சேர்ந்துவிடும். வந்து சேராதது, அது யாருக்கு நடந்தது என்பது மட்டும்தான். காரைக்குடிப் பக்கம் இருக்கிற என் பெரியம்மா ஒரு நாள் காலையில் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். லேப்டாப்பில் திறந்திருந்ததால் அதிலேயே அமுக்கினேன்.

"...தவறிட்டாருப்பா. பத்து மணிக்கெல்லாம் எடுத்துருவாக. வெள்ளனக் கிளம்பி வந்துரு."

அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "யாருங்க? பெரியப்பாவா?"

பெரியப்பாவுக்கு எண்பத்து நாலு வயசு. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுபடி அமுக்கினேன். இந்தத் தடவை பெரியம்மா குரல் கணீரென்று, ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. தவறியவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மிட்டாய்க் கடை வைத்திருந்த தாத்தா. அவர் போய்ச் சேர்ந்து வெகு வருஷமாகிவிட்டது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவருடைய பதினாறாம் நாள் சாப்பாட்டில் அப்பளம் நமத்திருந்தது வரை ஞாபகம் இருந்தது.

"இவ்வளவு தெளிவாச் சொல்றாக. உங்களுக்குத்தான் கேக்கல" என்றாள் மனைவி.

இதுதான் இந்தக் கோளாறின் குரூரம். இரண்டாம் முறை போட்டால் எல்லாம் ஒழுங்காக வரும். சாட்சிக்கு ஆள் கூப்பிட்டால், ஆள் வந்து நிற்கும்போது அது இரண்டாம் முறையாக ஆகியிருக்கும். நான் கூப்பிட்டு யார் வந்தாலும் லேப்டாப் நல்ல பிள்ளை, காது மட்டும் கெட்ட காது. கடைசியில் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க சார்" என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனார். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக வந்தது. கவனித்தேன், அந்த மெஷின் எந்த 'பீப்'பின் தலையையும் விழுங்கவில்லை. இரண்டு காதும் 25 டெசிபெலுக்குள், நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டை வெற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினேன். படித்துப் பார்த்தாள்.

"அப்பக் காது நல்லா இருக்கு. கவனிக்கத்தான் மாட்டேங்கிறீங்க."

டவுன்ஹால் ரோட்டில் லேப்டாப் பார்க்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். 2011-இல் ஆரம்பித்த அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது ஒன்று வாங்கியவர். அதில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடியாக வைத்து சி-டாக் உருவாக்கியது. கைக்கு வந்த அன்றே முதல் காரியமாக அதை அழித்துவிட்டாராம். "படம் ஏத்த இடம் வேணும்ல சார்?" என்னுடையதில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அது பாடப் பாட வேறு மூன்று பேருக்குக் கணக்கு முடித்தார். "நல்லாத்தானே சார் பாடுது? வேணும்னா ஸ்பீக்கரை மாத்திப் பாப்போம்." விவரம் தெரிந்த இன்னொரு நண்பர் "டிஸ்ட்ரோ மாத்திருங்க" என்றார். லினக்ஸ்காரர்களுக்கு டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் வகையையே, மாற்றுவது சர்வரோக நிவாரணி. வை-ஃபை வரவில்லையா, எழுத்துரு சரியில்லையா, மனசு சரியில்லையா, எல்லாவற்றுக்கும் அதே மருந்து.

நானே இறங்கித் தேடலாம் என்று உட்கார்ந்தால், ஒலிக்குப் பொறுப்பு யார் என்பதே பெரிய வம்ச வரலாறாக இருந்தது. லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை வெளியிட்டார். லினக்ஸ் என்பதை எப்படி உச்சரிப்பது என்று அவரே பேசிப் பதிவு செய்த குட்டி ஒலிக்கோப்பு ஒன்று தொண்ணூறுகளில் சுற்றியது. சவுண்டு கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க அதைத்தான் போடுவார்கள். நானும் என் லேப்டாப்பில் போட்டேன். லினக்ஸை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது தெளிவாகக் கேட்டது. சொல்கிறவர் யார் என்பதுதான் கேட்கவில்லை.

முதலில் வந்தது ஓஎஸ்எஸ், ஹன்னு சவொலாய்னென் என்ற ஃபின்லாந்துக்காரர் எழுதியது. பெரும்பாலான கார்டுகளில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பேச முடியும். பாட்டு ஓடினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு மாற்றாக, செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசெலா 1998-இல் ஆரம்பித்த ஆல்சா வந்தது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலில் அதுதான் முறைப்படி ஒலிக்குப் பொறுப்பு. 2004-இல் லென்னார்ட் பொய்டெரிங் அதற்கு மேலே பல்ஸ்ஆடியோவை எழுதினார். 2008-இல் உபுண்டு 8.04-இல் அது நுழைந்தபோது அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுக்கு அளவில்லை. 2010-இல் சிஸ்டம்டியை எழுதி, பழைய வசவை எல்லோரும் மறக்கும்படி புதிய வசவுக்கு ஏற்பாடு செய்துகொண்டார். பிறகு ரெட்ஹாட்டின் விம் டேமன்ஸ் முதலில் வீடியோவுக்காக ஆரம்பித்த பைப்வயர், 2021-இல் ஃபெடோரா 34-இல் ஒலியையும் ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால் இவர்களில் மிகவும் சமர்த்து இதுதான்.

ஆனால் புதியவர் வந்தார் என்று பழையவர் போகவில்லை. பைப்வயர் இன்றைக்கும் ஆல்சாவின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய புரோகிராம்கள் "பல்ஸ்ஆடியோ இருக்கிறாரா?" என்று கதவைத் தட்டினால், கூசாமல் "நான்தான்" என்கிறது. ஆகவே சத்தம் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால், அப்பிராணியான பிரவுசரிலிருந்து கெர்னல் வரைக்கும் எல்லோரும் "என் பக்கம் அனுப்பியாச்சு" என்பார்கள். அனுப்பியும் இருப்பார்கள்.

அடிமட்டத்தைப் பார்க்க ஆல்சாமிக்சர் என்று ஒன்று உண்டு. கருப்புத் திரையில் குழாய் குழாயாக, உச்சியில் சிவப்போடு நிற்கும். மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று கீழே பெயர். குழாயின் பாதத்தில் சின்னப் பெட்டி. அதில் இரண்டு 'எம்' இருந்தால் வாயைப் பொத்தியிருக்கிறது என்று அர்த்தம். 'எம்' விசையைத் தட்டினால் இரண்டு பூஜ்யமாக மாறித் திறந்துகொள்ளும். லினக்ஸில் சத்தமே வரவில்லை என்று அழுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு தட்டிலேயே கண்ணீர் துடைக்கப்பட்டுவிடும். மீதியில் பலருக்கு, ஹெச்டிஎம்ஐ தானும் ஒரு சவுண்டு கார்டு என்று முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத டிவிக்குப் பாட்டு அனுப்பிக்கொண்டிருக்கும். இன்னும் சிலருக்கு, ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அது செருகியே இருப்பதாக ஆட்டோ-மியூட் நம்பிக்கொண்டிருக்கும். எனக்கு இவை எதுவும் இல்லை. எல்லாக் குழாயும் நிறைந்து, எல்லாப் பெட்டியும் திறந்து, பார்க்க லட்சணமாக இருந்தது.

அடுத்தது ஸ்பீக்கர்-டெஸ்ட். அப்படியே ஓடவிட்டால் வெறும் இரைச்சல் வரும். கொஞ்சம் கேட்டுக்கொண்டால் ஒரு பெண் குரல் "முன் இடது", "முன் வலது" என்று இங்கிலீஷில் சலிக்காமல் சொல்லும். முதல் 'முன்' காணாமல் போனது. அதன் பிறகு எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அட்சர சுத்தம். மனைவி எட்டிப் பார்த்து, "அந்தப் பிள்ளை எம்புட்டு நேரமா ஒன்னையே சொல்லிக்கிட்டிருக்கு, இப்பவாவது கேட்டுச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் உறைத்தது. இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்றைக்கு மட்டும் வாத்தியார்கள் எல்லாம் முழித்திருக்கிற பள்ளிக்கூடம் மாதிரி, சோதிக்கும் வரைக்கும் இது தூங்காது. சோதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

சத்தமிடும் சாதனம் இந்த நிமிஷம் என்ன நிலையில் இருக்கிறது என்று காட்டுகிற கட்டளை ஒன்று இருக்கிறது. அதை நொடிக்கு ஒரு முறை தானாக ஓடும்படி ஒரு ஜன்னலில் வைத்துவிட்டு, இன்னொரு ஜன்னலில் பாட்டைப் போட்டேன். 'ரன்னிங்' என்றது. பாட்டை நிறுத்தினேன். 'ஐடில்'. மனசுக்குள் ஐந்து எண்ணி முடிக்கவும் 'சஸ்பெண்டட்'. பைப்வயருக்கு உதவியாக இருக்கிற வயர்பிளம்பர், ஐந்து நொடி யாரும் பேசாவிட்டால் கடையைச் சாத்திவிடுகிறது. மேலே கடை சாத்தியதும் கீழே கெர்னலுக்குக் கொண்டாட்டம். இன்டெல் ஹெச்டி ஆடியோ டிரைவரில் பவர் சேவ் என்று ஒரு எண் உண்டு. அத்தனை நொடி வேலை இல்லையென்றால் ஒலிச் சிப்பின் மின்சாரத்தைக் குறைத்துத் தூங்க வைக்கலாம் என்று பொருள். அதை 10 என்று வைக்கிற டிஸ்ட்ரோவும் உண்டு, 1 என்று வைக்கிற கறார்ப் பேர்வழிகளும் உண்டு. என்னுடையதில் 1. பெரியம்மா பேச ஆரம்பிக்கும்போது மேலே ஒருவர் கடை திறக்க வேண்டும், கீழே ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்த வேகத்தில் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடித்துவிடாமலிருக்க ஆம்ப்ளிஃபயர் கொஞ்சம் நிதானித்துத்தான் திறக்கும். இதற்குள் மிட்டாய்க் கடைத் தாத்தாவின் பெயர் போய்விட்டது.

கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்யவில்லை. பேட்டரி மிச்சமாகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். இது எல்லா மெஷினுக்கும் ஒத்துவராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தூங்கி எழுவதில் கோளாறு வருகிற மாடல்களை மட்டும் கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே ஒரு பட்டியல் போட்டு, "இவர்களைத் தூங்க விடாதே" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் மாடல் அதில் இல்லை.

வைத்தியம் வியாதியைவிடச் சின்னது. பவர் சேவ் எண்ணைப் பூஜ்யமாக்கினால் சிப் தூங்காது. அது ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க, மாட்ப்ரோப் அமைப்புகள் இருக்கிற கோப்புறையில் ஒரே ஒரு வரியை எழுதி ஒரு கோப்பு. வயர்பிளம்பரின் ஐந்து நொடியையும் பூஜ்யமாக்கினேன். இதைச் சர்வீஸ் கடைத் தம்பியிடம் சொன்னபோது, "அப்ப பேட்டரி சீக்கிரம் இறங்குமே சார்?" என்றார். என் லேப்டாப் எந்நேரமும் சுவரோடு கட்டிப்போட்டே கிடக்கிறது. எந்தப் பேட்டரியைக் காப்பாற்ற இந்தத் தூக்கம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

இப்போது 'வணக்கம்' முழுசாக வருகிறது. 'டிங்' அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. இத்தனை பேர் என்னிடம் காசு கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே இப்போதுதான் தெரியும். பெரியம்மாவின் செய்திகளும் தலையோடு வர ஆரம்பித்தன. விஷயம் வந்து சேர்ந்துவிட்டால் நான் எதையும் இரண்டாம் முறை போட்டுக் கேட்பதில்லை, அதனால் இவ்வளவு காலமும் தெரியாமல் போயிற்று. சாவுச் செய்திக்கு மட்டும்தான் அவர் நேராகப் பெயரில் ஆரம்பிக்கிறார். மற்றபடி எனக்கு அனுப்புகிற எல்லாவற்றையும் "எடுபட்ட பயலே" என்றுதான் தொடங்கியிருக்கிறார். சரியாக ஒரு நொடி.

பெரியம்மா செய்தி வரும்போது மட்டும் சிப்பை ஒரு நிமிஷம் தூங்க வைக்க ஸ்கிரிப்ட் எழுத முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவிக்கு அதில் சம்மதமில்லை. அந்த ஒரு நொடிக்காகவே இப்போது அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு வந்து கேட்கிறாள்.