ரெண்டு நந்தனும் ஒரு பைக்கும்

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில குந்து. திருமுடிவாக்கம் விபாசனா மையத்துல பத்து நாளு வாயே தொறக்காம இருந்தியாமே. ஊருக்கு வந்து மூணு நாளா வாயே மூடலன்னு ஒங்க ஆயா பொலம்புறா. ஆசைதான் துன்பத்துக்கு வேரு, நான் பிக்குவாவப் போறன்னு நீ சொன்ன சேதி டீக்கடை வரைக்கும் வந்துருச்சு. ஒம்மேல தப்பில்ல, மண்ணு அப்பிடி. இதே தில்லையில, ஈழத்துலேருந்து வாதுக்கு வந்த பௌத்தருங்க கேட்டதுக்கெல்லாம் மாணிக்கவாசகர் ஒரு ஊமைப் பொண்ண வச்சே பதில் சொல்ல வச்சாருன்னு புராணம் சொல்லும். ஊமையே பேசுன ஊருல நீ எங்க சும்மா இருக்கப் போற.

ஆசைய உட்டுட்டேங்கிறியே, புத்தரோட தம்பி கத தெரியுமா? சித்தி மவன். பேரு நந்தன். அன்னிக்கு அவனுக்குக் கல்யாணம். சாப்பாட்டுக்கு வந்த புத்தர், பிச்சைப் பாத்திரத்தத் தம்பி கையில குடுத்தாரு, திருப்பி வாங்காமயே நடையக் கட்டிட்டாரு. 'அண்ணே, இந்தாங்க'ன்னு சொல்ல இவனுக்கு வாயி வரல. பின்னாடியே போனான். தல பாதி வாருனபடி பொண்ணு எட்டிப் பாத்து, சீக்கிரம் வந்துருங்கன்னுது. விகாரத்துல போயி நின்னதும், 'துறவியாவுறியா?'ன்னாரு அண்ணன். மரியாதைக்கு இவன் தலையாட்டுனான். மொட்ட!

நம்ம ஆதனூரு நந்தனாரு தில்லைக்குப் போவணும் போவணும்னு துடிச்சாரு. சாதியக் காட்டி உடல, 'நாளைப் போவார்'னே பேராயிப் போச்சு. அந்த நந்தன் வீட்டுக்குப் போவணும்னு துடிச்சான், அவனயும் உடல. மனுசன் போவ நெனச்ச எடத்துக்கு அவனப் போவ உடாம பாத்துக்கறதுல எல்லாச் சாமியாரும் ஒரே கட்சிதான்.

நந்தனுக்கு மடத்துல தவம் ஓடல, பொண்டாட்டி நெனப்புதான் ஓடுச்சு. புத்தர் திட்டலடா, அங்கதான் ஆளு கெட்டி. அவனத் தேவலோகத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. போற வழியில, எரிஞ்ச கொல்லையில ஒரு கட்டமேல, காதும் மூக்கும் வாலும் போன பொட்டக் கொரங்கு ஒண்ணக் காட்டுனாரு. மேல போயி ஐநூறு தேவகன்னிங்களக் காட்டுனாரு. யாரு அழகுன்னாரு. 'இவங்களுக்கு முன்னாடி எம் பொண்டாட்டி அந்தக் கொரங்குதான்'னான் பாவி. 'அப்ப ஒழுங்கா தவம் பண்ணு, ஐநூறும் ஒனக்குத்தான், நான் ஜாமீன்'னாரு. ஒண்ண மறக்க ஐநூறு! மாட்டுச் சந்தையில இப்பிடி ஒரு தரவன நான் பாத்ததில்ல. கூட இருந்த பிக்குங்க, 'கூலிக்குத் தவம் பண்றான் பாரு'ன்னு கேலி பண்ணுனாங்க. இவனுக்கு வெக்கமாப் போயி, நெசமாவே உக்காந்து தேறிட்டான். தேறுனதும், ஜாமீன் வேணாஞ் சாமின்னுட்டான்.

சட்டதிட்டமும் கேட்டுக்க. பிக்கு மண்ண வெட்டக்கூடாது, செடியப் புடுங்கக்கூடாது. இதக் கேட்டதுமே நீ ஏன் அந்தப் பக்கம் சாஞ்சேன்னு புரிஞ்சுபோச்சு. நாளைக்குன்னு சோத்த எடுத்து வைக்கக்கூடாது, காசத் தொடக்கூடாது. உச்சிப்பொழுது சாஞ்சா சாப்புடக்கூடாது. நேத்து ராத்திரி கத்திரிக்கா கொத்சுக்கு மூணாந்தரம் கைய நீட்டுன ஆளு யாருப்பா?

பிக்கு வெட்டலன்னா வேற எவனாவது வெட்டணுமில்ல? நாகப்பட்டினத்துல கடாரத்து ராசா எழுப்புன சூடாமணி விகாரத்துக்கு, 1006 வாக்குல ராசராசன் ஆனைமங்கலத்தையே எழுதி வச்சான். வருசத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம் கலம் நெல்லு. ஆசைய உட்டவங்களுக்கு அம்புட்டு நெல்லு! அதுக்காவ சேத்துல நின்னவனுக்கு ஆசைய உட ஏது நேரம்?

நம்மூரு வழக்கமே வேற. கல்யாணம் ஆன தீட்சிதருதான் நடராசருக்குப் பூசை பண்ண முடியும். அங்க பொண்டாட்டிய உட்டாத்தான் உள்ள, இங்க பொண்டாட்டி வந்தாத்தான் உள்ள. எந்த வாசல்லயும் ஒன்ன இப்போதைக்கு உடமாட்டாங்க.

சரி, பிடிவாதமாத்தான் நிக்கிற. அப்ப பிக்குங்க சட்டமான விநயத்துல சேத்துக்கக்கூடாத ஆளுங்க யாருன்னு பாப்பம். பெத்தவங்க சம்மதம் இல்லாதவன சேக்கக்கூடாது. அது எப்பிடி வந்துச்சுங்கற? நந்தனும் போயி, பேரன் ராகுலனும் போனதுல நொந்துபோயி, புத்தரோட அப்பா சுத்தோதனரு, இனிமே பெத்தவங்களக் கேக்காம எந்தப் புள்ளையையும் சேக்காதன்னு மவங்கிட்டயே வேண்டிக்கிட்டாரு. பாட்டன் பேச்ச புத்தரே கேட்டாரு, கவனிச்சுக்க. ஒங்கம்மாவப் பத்திக் கவலையில்ல, உலை அரிசி கொறையும்னு சந்தோசமா அனுப்பிவைப்பா.

இன்னொண்ணு, கடன்காரனையும் சேக்கக்கூடாது. அதான் இடிக்குது. அந்தப் பைக்குக்கு இன்னும் எத்தினி மாசத் தவணை பாக்கிடா? ஜாமீன் கையெழுத்துப் போட்டது யாருன்னாவது ஞாபகம் இருக்கா?